மாவுப்பூச்சிக்கு வண்டா, குளவியா?

வெள்ளவத்தையில் எங்கள் மொட்டைமாடிப் பந்தலில் யாழ்ப்பாணத்து முந்திரிகைக் (திராட்சை) கொடி ஒன்று படர்ந்திருக்கிறது. குலைக்குள் மாவுப்பூச்சி, அதாவது சாறுறிஞ்சும் வெள்ளை மெழுகுப் பூச்சி, ஏறியபோது மருந்தடிக்க மனம் வரவில்லை. பிள்ளைகள் பறித்த கையோடு வாயில் போடும் பழம் அது. பூச்சியை இன்னொரு பூச்சியால் அடக்கும் உயிர்வழிக் கட்டுப்பாட்டில் பேர்போனவை இரண்டு.

ஒன்று, கிரிப்டோலீமஸ் பொறிவண்டு. சொந்த ஊர் அவுஸ்திரேலியா. 1898இல் இந்தியாவுக்கு வந்தது. வண்டும் தின்னும், அதன் புழுவும் தின்னும். புழுவின் மேலும் வெள்ளை மெழுகு இருக்கும். மாவுப்பூச்சி என்று நினைத்துத் தயவுசெய்து நசுக்கிவிடாதீர்கள். வண்டின் புழு பெரிது, சுறுசுறுப்பாக நடக்கும். இரை அப்பிக் கிடந்தால் வேகமாகத் துடைத்தெடுக்கும். இரை குறைந்தால் பறந்துவிடும்.

மற்றது அனகைரஸ் குளவி. ஓரிரு மில்லிமீட்டர்தான், நம்மைக் கொட்டாது. பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்ன, பூச்சி பழுப்பு ஓடாகக் காய்ந்துபோகும். இங்கொன்றும் அங்கொன்றுமாக இருப்பதையும் தேடிப் பிடிப்பது இதன் பலம். ஆனால் எல்லா மாவுப்பூச்சிக்கும் ஒரே குளவி சரிவராது. 2008இல் இலங்கையில் பப்பாசியைப் பிடித்த மாவுப்பூச்சியை அடக்க அசெரோபேகஸ் என்ற வேறொரு குளவிதான் தேவைப்பட்டது.

தோட்டம் வெள்ளையாகிவிட்டால் வண்டு. வருடக்கணக்கில் அடங்கியிருக்க வேண்டுமென்றால் குளவி. என் மனம் குளவிப் பக்கம்தான். அப்புறம், எறும்பு! மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீரான தேன்கழிவுக்காக அது மாவுப்பூச்சிக்குக் காவல் நின்று இரண்டையும் விரட்டும். முதலில் பந்தற்காலில் கிரீஸ் பூசிய பட்டி கட்டுங்கள்.