கிளிப் போட்ட வாயும் கடலைப் பருப்பும்

பல்லை வரிசைக்குக் கொண்டுவர கிளிப் போட்டிருக்கிறேன். போன வாரம் கீழ்ப் பல்லில் ஒரு பிராக்கெட், அதாவது கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டு, பெயர்ந்து, மறுபடி ஒட்டிக்கொண்டு வந்தேன். பெயர்த்தது முறுக்கு இல்லை, சீடை இல்லை, கரும்பும் இல்லை. எலுமிச்சை சாதத்தில் தாளித்துப் போட்ட கடலைப் பருப்பு. கிளினிக்கில் உதவியாக இருக்கும் பெண் "தட்டை கடிச்சீங்களா சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். லெமன் சாதம் என்றேன். நம்பவில்லை. ஒட்டுவதற்குத் தனிக் காசு.

கிளிப் போட்ட அன்று கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். பாப்கார்ன், நாச்சோஸ், கேரமல், பபுள்கம் வேண்டாம்; யோகர்ட், மசித்த உருளைக்கிழங்கு, ஸ்மூத்தி சாப்பிடலாம். மதுரையில் உட்கார்ந்துகொண்டு நாச்சோஸ் தின்னாமல் இருப்பது எனக்கு ஒன்றும் பெரிய தியாகம் இல்லை. கடலை மிட்டாய், ஜவ்வு மிட்டாய், எலும்பு கடிப்பது எல்லாம் கூடாது என்று யாரும் சொல்லாமலே தெரியும். ஆனால் இத்தனை மாதத்தில் என்னைப் படுத்திய பாட்டைத் தொகுத்தால் முக்கால்வாசி தாளிப்பில்தான் வந்து நிற்கிறது. அந்தத் தாளில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

கடுகை எடுத்துக்கொள்ளுங்கள். பிராக்கெட்டின் ஓரத்தில் ரப்பர் மாட்ட ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அதற்கும் கம்பிக்கும் நடுவில் உள்ள சந்தில் கடுகு போய் உட்கார்ந்தால் நாக்கால் நெம்ப முடியாது. பல்லிடுக்கு பிரஷ்ஷை விட்டால் அங்கிருந்து நகர்ந்து அடுத்த பிராக்கெட்டுக்குக் குடிபோகும். பொரிந்த கடுகாக இருந்தால் அதன் கறுப்புத் தோல் முன்பல்லில் ஒட்டிக்கொண்டு, மத்தியானம் மீட்டிங் முடிகிற வரைக்கும் எல்லோருக்கும் தெரியும், நமக்குத்தான் தெரியாது. கறிவேப்பிலையைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். பொடியாகக் கிள்ளிப் போட்டிருந்தால் அதன் நரம்பு கம்பியைச் சுற்றிக்கொள்ளும். எல்லாவற்றிலும் மோசம் சிவக்க வறுத்த கடலைப் பருப்புதான். சோறு மெத்தென்று இருப்பதால் வாய் அசட்டையாக மெல்லும். அந்த மெத்தைக்குள் ஒரு பருப்பு. டக்.

வெண்பொங்கலும் இதே ரகம். "உனக்கென்னப்பா, பொங்கல் சாப்பிடு" என்று எல்லோரும் சொல்வார்கள். முழு மிளகையும் முந்திரியையும் யார் பொறுக்குவது?

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். கம்பியை மாற்றி டைட் வைத்த பிறகு இரண்டு மூன்று நாள் வலிக்கும். பல் நகரும் பக்கம் எலும்பு கரைய வேண்டும், எதிர்ப்பக்கம் புதிதாக வளர வேண்டும், வலிக்காமல் எப்படி? அந்த நாட்களில் நம் ஊர்ச் சாப்பாடு மாதிரி ஆதரவு வேறெதிலும் இல்லை. சாம்பாரில் ஊறிய இட்லி, தேங்காய்ப் பால் விட்ட இடியாப்பம், தயிர் ஊற்றிப் பிசைந்த பழைய சோறு எல்லாம் மெல்லவே வேண்டாம், இறங்கிவிடும். பரோட்டாவைப் பிய்த்து சால்னாவில் நன்றாக ஊறவிட்டால் பரவாயில்லை. கொத்து பரோட்டா என்றால் நம் வேலையில் பாதியைக் கடைக்காரரே கல்லில் முடித்துவிடுகிறார். டைட் வைத்த அன்று சாயங்காலம் ஒரு ஜிகர்தண்டா குடித்துப் பாருங்கள். குளிர்ச்சியில் ஈறு அடங்கும், பாதாம் பிசின் பல்லைத் தொடாமலே வழுக்கிக்கொண்டு போகும். சர்க்கரை நிறைய, வீட்டுக்கு வந்ததும் பல் தேய்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் பிராக்கெட்டைச் சுற்றி அழுக்குப் படிந்து, கழற்றும்போது பல்லில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு தெரியும்.

மஞ்சள் கறையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கறை பிடிப்பது பிராக்கெட்டில் இல்லை, அதன் மேல் மாட்டும் குட்டி ரப்பர் வளையத்தில். நிறமில்லாத வளையம் போட்டால் இரண்டு வேளை சாம்பாரில் மஞ்சளாகிவிடும். கூடக் காசு கொடுத்து செராமிக் பிராக்கெட் போட்டவர்களுக்கும் இதே கதிதான். சாம்பல் நிறமோ அடர்நீலமோ கேட்டு வாங்குங்கள், தீர்ந்தது. கொய்யா? விதையோடு சேர்த்து மறந்துவிடுங்கள். முருங்கைக்காயை வழித்துத் தின்னலாம், அப்புறம் கண்ணாடி முன்னால் நிற்க நேரம் இருந்தால்.

தாளிப்புக்கு வருகிறேன். அம்மாவிடம் "கொஞ்ச நாளைக்குத் தாளிக்காம இரும்மா" என்று கெஞ்சினேன். "தாளிக்காம ரசமா? அதுக்குப் பேரு வெந்நீருடா" என்றார். ஆனால் மறுநாளே வழி கண்டுபிடித்தவரும் அவர்தான். கரண்டியில் எண்ணெய் காய்ந்து கடுகு, சீரகம், பெருங்காயம், வரமிளகாய், கறிவேப்பிலை எல்லாம் பொரிந்ததும், எஃகு வடிகட்டி வழியாக எண்ணெயை மட்டும் ரசத்தில் ஊற்றினார். சட்டியில் அதே சத்தம், அதே வாசனை. ஒரு கடுகு கூட இல்லை. பெருங்காயமும் சீரகமும் எண்ணெயில் இறங்கியபின் மிச்சமிருக்கும் சக்கைக்காகவா இவ்வளவு நாள் அல்லாடினேன் என்று இருந்தது. சட்னிக்கும் மோர்க்குழம்புக்கும் இப்போது இதே ஏற்பாடுதான். என்னைக் கேட்டால் கிளிப் கழற்றிய பிறகும் ரசத்துக்கு இதுவே போதும். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை, அவருக்குப் பல்லில் கடுகு நெரிபட வேண்டுமாம். எலுமிச்சை சாதத்துக்கு மட்டும் இது செல்லாது. பருப்பு இல்லாத எலுமிச்சை சாதம் வெறும் மஞ்சள் சோறு.

பல் வரிசைக்கு வந்திருக்கிறதா என்றால், வந்திருக்கிறது. மேலே துருத்திக்கொண்டிருந்த தெத்துப்பல் இறங்கி இடத்தில் உட்கார்ந்துவிட்டது. முன்பல்லால் தோசை ஓரத்தைக் கடித்து எடுக்க முடிகிறது, முன்பெல்லாம் பக்கவாட்டில் வைத்துத்தான் கிழிப்பேன். டாக்டர் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. இவ்வளவும் சொல்லிவிட்டு, கூட வேலை பார்க்கும் தங்கச்சி "அண்ணே, நானும் போடட்டுமா?" என்று கேட்டபோது "வேண்டாம்மா" என்றுதான் சொன்னேன். டிபன் பாக்ஸைத் திறந்து ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் கரண்டியால் பருப்புப் பொறுக்குகிறவனிடம் வேறென்ன பதில் வரும்? அவர் அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கப் போகிறாராம். போகட்டும். அந்தத் தாளை வாங்கியதும் நாச்சோஸை அடித்துவிட்டு அந்த இடத்தில் கடலைப் பருப்பு என்று எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.