மெட்ரோவுக்கு மாற கிண்டியா, பரங்கிமலையா?

சென்னையில் தாம்பரம் பக்கமிருந்து மின்சார ரயிலில் வந்து மெட்ரோவுக்கு மாறுகிறவர்களுக்கு இரண்டு ஸ்டேஷன்கள் உண்டு. முதலில் பரங்கிமலை வரும், அடுத்தது கிண்டி. இரண்டுமே ரயில்வேயின் அம்ரித் பாரத் மேம்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. பரங்கிமலை முந்திக்கொண்டது, 2025 மே 22 அன்று நாடு முழுக்கத் திறக்கப்பட்ட 103 நிலையங்களில் அதுவும் ஒன்று. ஆனால் புது முகப்பும் பெயிண்டும் தினமும் போகிறவருக்கு இரண்டாம்பட்சம்தான். இந்த வண்டியை விட்டு இறங்கி அந்த வண்டியில் ஏறுவதற்குள் என்ன பாடுபட வேண்டியிருக்கிறது என்பதை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

வடபழனி, கோயம்பேடு, அண்ணா நகர் போகிறவர் யோசிக்கவே வேண்டாம், பரங்கிமலைதான். பச்சை வழித்தடம் அங்கேதான் புறப்படுகிறது. காலையிலும் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை, எல்.ஐ.சி. என்று அண்ணா சாலையோடு போகிறவருக்குக் கிண்டி. நீல வழித்தடத்தில் நேராகப் போய்விடலாம். பரங்கிமலையில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனான ஆலந்தூரிலேயே இறங்கி, தளம் மாறி, இன்னொரு வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். (விமான நிலையம் போகிறவருக்கு இரண்டுமே வேண்டாம். திரிசூலத்தில் இறங்கி ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தால் எதிரே விமான நிலையம். இது தெரியாமல் கிண்டி வரை போய்த் திரும்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.)

வழித்தடத்தை ஒதுக்கிவிட்டு ஸ்டேஷனை மட்டும் பார்த்தால் பரங்கிமலைக்கே என் ஓட்டு. அங்கே இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் வண்டி மாற வந்தவர்கள், எல்லோரும் ஒரே திசையில் நடக்கிறார்கள். கிண்டி அப்படியில்லை. ஒரு பக்கம் தொழிற்பேட்டை, மறுபக்கம் ரேஸ் கோர்ஸ் சாலை, நடுவில் மெட்ரோவுக்குப் போகிறவர்கள். காலை ஒன்பது மணிக்கு ஏறுகிற கூட்டமும் இறங்குகிற கூட்டமும் நடைமேம்பாலப் படியில் முட்டிக்கொண்டு நிற்கும். அதற்குள் அடுத்த வண்டி வந்து இன்னொரு கூட்டத்தை இறக்கிவிடும். பழகியவர்கள் எந்தப் பெட்டியில் ஏறினால் படிக்கு நேரே இறங்கலாம் என்று தாம்பரத்திலேயே கணக்குப் போட்டுத்தான் ஏறுவார்கள். ஒரு நிமிடம் பிந்தினால் படியில் ஐந்து நிமிடம் போய்விடும்.

அதனால் காசு எங்கே முதலில் தேவை என்று கேட்டால் கிண்டி என்பேன். அதுவும் வாசலில் வளைவு கட்ட இல்லை; படியை அகலப்படுத்த, கூடுதலாக இன்னொரு நடைமேம்பாலம் போட. பரங்கிமலையின் நிம்மதியும் நிரந்தரம் என்று சொல்வதற்கில்லை. 2007-லேயே வேளச்சேரி வரை வந்துவிட்ட பறக்கும் ரயில், மிச்சமிருந்த 5 கிலோமீட்டரைக் கடந்து பரங்கிமலைக்கு வருவதற்குள் நிலமெடுப்பில் சிக்கி வருடக்கணக்கில் இழுத்தது. வேளச்சேரிக் கூட்டமும் அங்கே வந்து இறங்கும்போது இப்போதைய இடவசதி எவ்வளவு தாங்கும் என்று பார்க்கத்தான் வேண்டும்.

மாம்பலமும் அதே அம்ரித் பாரத் பட்டியலில்தான் இருக்கிறது. அங்கே ஸ்டேஷனை ஒட்டி மெட்ரோ இல்லை, ஆகவே இந்தப் போட்டியில் அது சேராது. ஆனால் 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைபாதையைச் சொல்லாமல் விடக் கூடாது. ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் 570 மீட்டர் நடந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டில் போய் இறங்கலாம். மூட்டையோடு வருகிறவர்களுக்கு லிஃப்டும் உண்டு. அதைக் கட்டியது ரயில்வே அல்ல, மாநகராட்சி. கிண்டியிலும் தொழிற்பேட்டைப் பக்கம் இப்படி ஒன்றை இழுத்துவிட்டால் படியில் பாதிக் கூட்டம் குறையும் என்று தோன்றுகிறது.

செலவையும் பார்த்துவிடலாம். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரைக்குமே சாதாரண மின்சார ரயிலில் பத்து ரூபாய்தான். மெட்ரோவில் ஆரம்பமே பத்து ரூபாய். ரயில்வே சீசன் டிக்கெட் மெட்ரோவில் செல்லாது, அதனால் எந்த ஸ்டேஷனில் மாறினாலும் அது தனிச் செலவு. 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்று’ செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் எடுக்கலாம். எப்போதாவது போகிறவருக்கு அது நல்ல வசதி. சீசன் வைத்திருப்பவர் மெட்ரோவுக்கு மட்டும் தனியாக டிக்கெட் எடுப்பதே மலிவு.