வரவு செலவு பார்த்துப் படிக்க வேண்டிய நாவல்

ஈடித் வார்ட்டனின் 'தி ஹவுஸ் ஆஃப் மிர்த்' (1905) நாவலைக் காதல் கதை என்று எடுத்தால் பாதியில் சலித்துவிடும். பணக்கணக்கைக் கவனித்தால் விறுவிறுப்பு. 29 வயது லில்லி பார்ட், முதலீட்டு லாபம் என்று நம்பி தோழியின் கணவர் ட்ரெனரிடம் வாங்கியது அவருடைய சொந்தப் பணம்: 9,000 டாலர். அத்தை உயிலில் எழுதியது 10,000. அது கைக்கு வருவதற்குள் ஊர்வாய் அவளைத் தொப்பிப் பட்டறைக்குத் தள்ளிவிடுகிறது. அங்கே அவள் தைத்த ஜிகினா ஒவ்வொன்றும் கோணல், மேற்பார்வைக்காரியிடம் திட்டு. என் கணக்கில் நாவலின் உச்சம் இதுதான். லில்லியின் மனதுக்குப் பிடித்த வக்கீல் செல்டன்தான் எரிச்சல்: சந்தேகப்பட முந்துவான், உதவப் பிந்துவான். யூதப் பணக்காரர் ரோஸ்டேலைச் சித்திரித்த விதத்தில் அக்கால யூத வெறுப்பு அப்பட்டம். முதல் பாகத்தின் 15 அத்தியாயங்களில் பெயர்கள் குழப்பும். ட்ரெனர், டார்செட் குடும்பங்களை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.