பக் 110-க்கு ஸ்டட் வைக்கக் கொடுத்து 3,800 ரூபாய் போச்சு

சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். மடக்குக் கத்தியில் மாற்றம் செஞ்சு தர்றதா சமூக வலைத்தளத்தில் விளம்பரம் போடுற ஒரு பட்டறை. என்னோட பக் 110 மடக்குக் கத்தியை ஒரே கையில் திறக்கிற மாதிரி அலகில் ஸ்டட், அதாவது கட்டைவிரலால் தள்ளுற சின்னக் குமிழ், வைக்க 3,800 ரூபாய், முழுசும் முன்பணம். நேத்து கூரியரில் வந்தது காயலான் கடைச் சாமான். மத்தவங்க ஏமாறாம இருக்க என்ன பார்க்கணும்னு கடைசியில் சொல்றேன்.

நம்பினது எந்த இடத்தில்னா, இங்கேதான். 110-இன் அலகு 420ஹெச்சிங்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கடினம் ராக்வெல் அளவில் 58 பக்கம். துளை போடுற சாதாரண ஹெச்எஸ்எஸ் (ஹைஸ்பீட் ஸ்டீல்) பிட் அதில் இறங்காது, தேய்ச்சுத் தேய்ச்சுச் சூடுதான் ஏறும். இதை நான் கேட்கவே இல்லை, போனில் பட்டறைக்காரரே சொன்னார்: "கார்பைடு பிட் சார், கூலன்ட் ஊத்தி விட்டு விட்டு இறக்கணும். இந்தக் கடினத்தில் மரை வெட்டினா டாப் ஒடிஞ்சிடும். துளையில் ரெண்டு பாதி ஸ்டட்டை விட்டு ஒண்ணுக்குள்ள ஒண்ணு முடுக்கிடுவோம்." ஒரு வார்த்தை தப்பில்லை. அந்த நிமிஷமே 3,800 யுபிஐயில் போயிடுச்சு.

வந்ததில் துளையைச் சுத்தி நீல வளையம். கார்பன் ஸ்டீலில் 300 டிகிரி பக்கத்திலேயே நீலம் வந்துடும். ஸ்டெயின்லெஸ்ஸில் அந்த நிறம் வர அதைவிட நிறையச் சூடு வேணும். அந்த இடத்தில் கடினம் போச்சுன்னு அர்த்தம். கார்பைடும் இல்லை, கூலன்ட்டும் இல்லை. ஸ்டட்டில் மரையே கிடையாது, சூப்பர் க்ளூ. நாலாவது தடவை திறக்கிறப்போ கையோட வந்துடுச்சு.

இதையாவது விட்டுடலாம். திறக்க இலகுவா இருக்கணும்னு லாக்கில் அரம் போட்டிருக்காங்க! 110-இல் பின்பக்க லாக் பாரின் கொக்கி அலகின் அடிப்பாகத்தில், பிவட் பக்கம் இருக்கிற வெட்டுக்குள்ள விழுந்துதான் பிடிக்குது. கொக்கியின் முகத்தைச் சரிவா ராவினா, அலகின் முதுகில் அழுத்தம் பட்டதும் வழுக்கி வெளியே வந்துடும், அலகு விரல் மேலே மடங்கும். மரமேசையில் முதுகை லேசா அழுத்தினதுக்கே மடங்கிடுச்சு. போதாததுக்கு அலகு சுழல்ற பிவட் பின்னையும் தட்டித் தளர்த்தியிருக்காங்க, அலகு பக்கவாட்டில் ஆடுது. அது கைப்பிடி முனையில் இருக்கிற பித்தளைப் பாகத்தோடு (போல்ஸ்டர்) தட்டி மழுப்பின பின், ஸ்க்ரூ மாதிரி திரும்ப முடுக்க முடியாது.

போன் பண்ணினா முதல் பதில்: "நீலமா? அது பாலீஷ் சார்." சாயங்காலம்: "ஆயில் ஜாஸ்தி போட்டிருப்பீங்க, அதான் பசை விட்டிருக்கும்." பசைன்னு அவர் வாயாலேயே வந்துடுச்சு! ராத்திரி: "திருப்பி அனுப்புங்க, பார்க்கிறோம், கூரியர் உங்க செலவு." இன்னிக்குக் காலையிலிருந்து எடுக்கறதே இல்லை. 3,800 ரூபாய்ங்க. கத்தி விலை தனி.

சரி, சொன்னதைச் சொல்லிடறேன். துளையே வேண்டாம். அலகின் முதுகில் மாட்டி அலன் கீயால் முடுக்குற கிளாம்ப் ஸ்டட் கிடைக்குது. மாட்டுறதுக்கு முன்னாடி எண்ணெய்ப் பசையைச் சுத்தமாத் துடைச்சிடுங்க, இல்லேன்னா நகரும். நகக்குழிக்குப் பக்கத்தில் வையுங்க, மடக்கினப்போ கைப்பிடியில் இடிக்கக் கூடாது. பழைய தோல் உறையில் ஸ்டட் சிக்கும், அது தெரிஞ்சே மாட்டுங்க. திறக்கக் கடினமா இருந்தா பிவட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்க. லாக்கில் யாரையும் அரம் வைக்க விடாதீங்க. முழுப் பணத்தை முன்னாடியே கொடுக்காதீங்க. இன்னும் நிறைய எழுத நினைச்சேன், கை நடுங்குது.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தாச்சு. 3,800 வந்தா இங்கேயே சொல்றேன்.