பழைய ரீசேட்டில் தைக்காத பை: முடிச்சா, சுருக்கா?

இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான். கையையும் கழுத்துப் பட்டியையும் வெட்டி எடுங்கள். தோள் மூட்டு பைப்பிடியாகிவிடும். பின்னல் துணி என்பதால் வெட்டிய விளிம்பு நூல் பிரியாது, சுருளும். அடியை எப்படி மூடுவது என்பதில்தான் வேறுபாடு.

முடிச்சு முறையில், கீழ் மடிப்பை வெட்டி நீக்கி, இரு பக்கத்தையும் சேர்த்து 2 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரத்துக்குக் கீலம் கீலமாக வெட்டி, முன் கீலத்தைப் பின் கீலத்தோடு இரட்டை முடிச்சிடுங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். முடிச்சுகளுக்கிடையே ஓட்டை இருக்கும். கிளிநொச்சிச் சந்தையில் வாங்கிய கச்சான் வீடு வருமுன் வழியில் கொட்டும். ஒவ்வொரு முடிச்சின் ஒரு வாலைப் பக்கத்து முடிச்சின் வாலோடு கட்டினால் ஓட்டை அடையும். 1 செ.மீ.க்கும் குறைந்த கீலம் இழுக்கையில் அறும்.

சுருக்கு முறைக்கு மடிப்பை வெட்டக்கூடாது. உட்பக்கத் துணியில் மட்டும் சிறு துளையிட்டு, வெட்டிய கையைச் சுற்றிச் சுற்றி 2 செ.மீ. அகலத்தில் அறுத்த நாடாவை ஊக்கில் கோர்த்து மடிப்புக்குள் ஓட்டுங்கள். பக்க மூட்டில் ஊக்கு சிக்கும், அவசரப்படாதீர்கள். இறுக்கிக் கட்டினாலும் நடுவில் ஒரு துவாரம் மிஞ்சும். வேலை விரைவு, ஆனால் பாரம் முழுவதும் பழைய மடிப்புத் தையலில்தான் விழும்.

தேங்காய், பூசணிக்கு முடிச்சு. துவைக்கும் துணிக்குச் சுருக்குப் போதும். அவிழ்த்தால் மறுபடி ரீசேட்டாக அல்ல, கையில்லாச் சட்டையாகப் போடலாம்.