பொழுதோட இருபது நிமிடம்: டி500இல் ஆறு வருட ஆந்தைப் படங்கள்

2019 தை மாதத்தில் கோவையில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் நிக்கான் டி500 கேமரா பாடியும், கூடவே 200-500 மி.மீ. எஃப்/5.6 லென்ஸும் (எஃப் எண் சிறிதானால் லென்ஸ் அதிக வெளிச்சம் வாங்கும்) வாங்கினேன். அப்போது ஷட்டர் எண்ணிக்கை, அதாவது அதுவரை எடுத்த படங்கள், 38 ஆயிரம். இப்போது ஒரு லட்சத்து 20 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. கம்பெனி சொல்லும் ஆயுள் 2 லட்சம். நான் அழுத்தியதில் பாதிக்கு மேல் ஆந்தைக்குத்தான். மயில், பனங்காடை எல்லாம் போகிற வழியில் கண்ணில் பட்டால் உண்டு. 'இருட்டில் பறவை எடுக்க டி500 ஆகுமா?' என்று யாராவது கேட்டால், 'எத்தனை மணி இருட்டு?' என்று திருப்பிக் கேட்பது வழக்கமாகிவிட்டது. காரணம் சொல்கிறேன்.

வாங்கும்போது என் மனசில் இருந்தது நடு ராத்திரி. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 51,200 வரை உண்டு, நடு ஃபோகஸ் புள்ளி மைனஸ் 4 ஈவி என்னும் ரொம்ப மங்கலான வெளிச்சத்திலும் பிடிக்கும் என்று படித்துவிட்டு, முதல் பௌர்ணமிக்கே ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு கொறங்காட்டுக்குப் போனேன். கொறங்காடு என்றால் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம். உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், மேய்வதற்குக் காங்கேயம் மாடுகள். ஒரு வெள்வேலத்தின் பொந்தில் புள்ளி ஆந்தை ஜோடி குடியிருந்தது. நிலா வெளிச்சத்தில் என் கண்ணுக்கு அது தலையாட்டுவதுகூடத் தெரிந்தது. கேமராவுக்கோ ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் கையால் ஃபோகஸ் வைத்து, ஐஎஸ்ஓ 25,600, 2 விநாடி என்று எடுத்தேன். அந்த 2 விநாடிக்குள் ஆந்தை மூன்று தடவை தலையை ஆட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ரவையைக் கொட்டி அதன்மேல் புகை விட்ட மாதிரி ஒரு படம். இதில் கேமராவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எஃப்/5.6 லென்ஸை மாட்டிக்கொண்டு நிலாவை நம்பிப் போனது என் தப்பு.

அதற்கப்புறம்தான் நேரத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். எங்கள் பக்கம் சாயங்காலத்தைப் 'பொழுதோட' என்போம். 'பொழுதோட வர்றேன்' என்றால் ஐந்தரைக்கும் வரலாம், ஏழுக்கும் வரலாம். ஆனால் கேமராவின் பொழுதோட ரொம்பச் சின்னது. கொங்கு நாடு இருப்பது சுமார் 11 டிகிரி வட அட்சத்தில். இங்கே சூரியன் சரிந்து சரிந்து போகாது, நேராக இறங்கிவிடும். மறைந்த 22 நிமிடத்துக்குள் அந்தி வெளிச்சம் முடிந்துபோகும். ஐரோப்பாக்காரர்கள் யூடியூபில் 'சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்து' என்று ஆந்தை எடுப்பதைப் பார்த்துவிட்டு நாமும் காத்திருந்தால் கொசுக்கடிதான் மிச்சம்.

என் குறிப்பேட்டில் இருக்கும் கணக்கு இது. திறந்தவெளியில், எஃப்/5.6இல், சூரியன் மறையும் நொடியில் ஐஎஸ்ஓ 1600 வைத்தால் ஷட்டர் வேகம் 80இல் ஒரு பங்கு விநாடி கிடைக்கும். பத்து நிமிடம் கழித்து ஐஎஸ்ஓ 3200க்கு 50இல் ஒரு பங்கு. இருபத்திரண்டாம் நிமிடத்தில் ஐஎஸ்ஓ 6400 போட்டாலும் மூன்றில் ஒரு பங்குதான். மரத்தடி என்றால் ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும். முதல் பத்து நிமிடத்தில் வெளிச்சம் மெதுவாக இறங்கும். அடுத்த பன்னிரண்டில் கிணற்றில் வாளி விழுகிற மாதிரி விழும். டி500இல் ஐஎஸ்ஓ பட்டன் ஷட்டருக்குப் பக்கத்திலேயே இருப்பதும், சுவிட்சைத் திருப்பினால் இடப்பக்கப் பட்டன்கள் ஒளிர்வதும் அந்த நேரத்தில்தான் உதவும். டார்ச் அடித்துப் பட்டன் தேட வேண்டாம்.

நல்ல வேளையாக ஆந்தைகளும் அந்த நேரத்துக்கு ஒத்துழைக்கின்றன. புள்ளி ஆந்தை 21 செ.மீ. உயரமுள்ள சின்னப் பறவை. பொழுது இருக்கும்போதே பொந்து வாயில் வந்து உட்கார்ந்து நம்மை முறைக்கும். 500 மி.மீ.யில் 20 மீட்டர் தள்ளி நின்றால் படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும். அதற்கு மேல் நெருங்கத் தேவையில்லை, நெருங்கினால் உள்ளே போய்விடும். ஆந்தை அசையாமல் உட்காரும் என்பதுதான் இந்த வேலையில் பெரிய சலுகை. தலையைத் திருப்பி முடித்து நிற்கும் அரை நொடியில் ஐந்தாறு ஃபிரேம் தட்டினால், 30இல் ஒரு பங்கு விநாடியிலும் ஒன்றாவது கூர்மையாக விழும். டி500 நொடிக்கு 10 ஃபிரேம் எடுக்கும். பறக்கும் பறவைக்காக வைத்த வசதியை நான் உட்கார்ந்திருக்கும் பறவைக்கே செலவழித்திருக்கிறேன்.

எனக்குப் பிடித்தது கொம்பன் ஆந்தை. திருப்பூர், பல்லடம் பக்கம் கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட பாறைக்குழிகள் நிறைய. குப்பை கொட்டாத குழி கிடைத்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். பாறையில் சுண்ணாம்பு அடித்த மாதிரி எச்சம் வழிந்திருக்கும், கீழே எலும்பும் ரோமமுமாகக் கக்கிய உருண்டைகள் கிடக்கும். எலி மண்டை ஓடுகூட முழுசாக இருக்கும். நான் போகும் குழியில் எதிர்க் கரையில் உட்கார்ந்தால் பறவைக்கும் எனக்கும் 40 மீட்டர். அரை மீட்டர் உயரப் பறவை என்பதால் அந்தத் தூரமே போதும். பொழுது விழுந்ததும் அது பாறை நுனிக்கு வந்து 'பூ...போ' என்று ஆழமாக ஒரு குரல் கொடுக்கும். நெஞ்சுக்குள் கேட்கிற மாதிரி இருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது. டி500 மாதிரி, படம் எடுக்கும்போது உள்ளே ஒரு கண்ணாடி (மிரர்) எழும்பும் கேமராவில் 8இல் ஒரு பங்கிலிருந்து 60இல் ஒரு பங்கு வரையான வேகத்தில் கண்ணாடி எழும்பும் அதிர்வே படத்தைக் கெடுக்கும். டி500இல் மிரர்-அப் வைத்து, மெனுவில் எலக்ட்ரானிக் முன்திரையையும் (ஷட்டரின் முதல் திரை அசையாமல் படத்தைத் தொடங்கும் வசதி) போட்டால் அந்த அதிர்வு போய்விடும். முன்திரை வசதி மிரர்-அப் முறையில் மட்டும்தான் வேலை செய்யும் என்பதை நான் லேட்டாகத்தான் கவனித்தேன். முதல் அழுத்தில் கண்ணாடி மேலே போகும், வியூஃபைண்டர் இருண்டுவிடும், அடுத்த அழுத்தில் படம். இடையில் ஆந்தை திரும்பிவிட்டால் நம் பாடு. இருந்தும் 15இல் ஒரு பங்கில் நான் எடுத்த கூர்மையான கொம்பன் படங்கள் எல்லாம் இந்த முறையில் வந்தவைதான்.

லென்ஸைப் பற்றி. 2300 கிராம். எக்ஸ்எல் வண்டியில் முன்னால் பையில் வைத்து மேட்டாங்காட்டில் ஓட்டிப் போகலாம், ஆனால் கையில் பிடித்து அரை மணி நிற்க முடியாது. நான் மோனோபாடில் வைத்து லென்ஸின் அதிர்வு குறைப்பான விஆரைப் போட்டுக்கொள்கிறேன், பாறைக்குழிக்கு மட்டும் ட்ரைபாட். வைகாசி பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்துவிடும். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை சும்மா நிற்கவில்லை, அந்தக் காற்று இந்த நீள லென்ஸைப் பாய் மரம் மாதிரி பிடித்து ஆட்டும். ஆடி முடியும்வரை ஹூடைக் கழற்றி, ட்ரைபாடைத் தாழ்த்தி, தரையில் உட்கார்ந்துதான் எடுப்பது. ஆவணியிலும் முழுசாக விடாது.

வெள்ளை முக ஆந்தையான கூகை மட்டும் என் கணக்குக்கு அடங்கவில்லை. அது நன்றாக இருட்டிய பிறகுதான் வெளியே வரும். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்தில், மாடு கட்டும் கட்டுத்தரையை ஒட்டிய பழைய ஓட்டுச் சாளையின் (கொட்டகையின்) விட்டத்தில் ஒரு ஜோடி இருந்தது. எலி பிடிக்கிறது என்று தோட்டக்காரர் விரட்டாமல் விட்டிருந்தார். பால் கறக்கத் தினமும் போடும் 9 வாட் எல்இடி பல்பு ஒன்றுதான் வெளிச்சம். 200-500இல் ஐஎஸ்ஓ 6400க்கு ஆறில் ஒரு பங்கு விநாடி கேட்டது. வெறுத்துப்போய், கல்யாண வீட்டில் முகப் படம் எடுக்கிற என் பழைய 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை எடுத்துப் போனேன். எஃப்/2இல் அதே வெளிச்சம் 50இல் ஒரு பங்கு கொடுத்தது! மூன்று ஸ்டாப் என்றால் எட்டு மடங்கு. ஆனால் 85க்கு ஐந்து மீட்டருக்குள் போக வேண்டும். பதினோரு சாயங்காலம் மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் கேமரா இல்லாமலே போய் உட்கார்ந்தேன். பன்னிரண்டாம் நாள் எடுத்தேன். வெள்ளை முகம் கருப்புப் பின்னணியில் வெளிறிப்போய்விடும், அதனால் ஒரு ஸ்டாப் குறைத்துத்தான் வைக்க வேண்டும். எல்இடி மினுக்கலால் சில படம் இருண்டு வந்தது. டி500இன் ஃப்ளிக்கர் குறைப்பைப் போட்ட பிறகு சரியானது. இந்த ஆறு வருடத்தின் சிறந்த படம் இந்தச் செலவு குறைந்த லென்ஸில் வந்தது என்பதில் எனக்கே கொஞ்சம் வருத்தம் உண்டு.

ஃப்ளாஷ் நான் போடுவதில்லை. குரல் பதிவைப் போட்டு வரவழைப்பதும் இல்லை. இன்னொரு ஆந்தை வந்துவிட்டது என்று நினைத்து வேட்டையை விட்டுவிட்டு வரும் பறவையைப் படம் எடுத்து என்ன ஆகப் போகிறது? குஞ்சு இருக்கும் மாசி, பங்குனியில் பாறைக்குழிப் பக்கமே போகமாட்டேன். நிக்கானின் ஸ்னாப்பிரிட்ஜ் செயலி வழியாக ஃபோனிலிருந்து படத்தில் இடக்குறிப்பு ஏறும், அதையும் அணைத்து வைத்திருக்கிறேன். ஆந்தையைப் பிடித்து விற்பவர்களும் படம் பார்ப்பார்கள்.

நாயிஸ், அதாவது ஐஎஸ்ஓ ஏற்றினால் படத்தில் விழும் மணல் மாதிரியான புள்ளிகள் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஐஎஸ்ஓ 3200 வரை எனக்கு நிம்மதி, 6400 பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் போகமாட்டேன். ஐஎஸ்ஓ ஏற்றப் பயந்து இருட்டாக எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் வெளிச்சம் கூட்டினால் இன்னும் மோசமாகும். 2023 ஏப்ரலில் படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் நாயிஸைக் குறைக்கும் டீநாய்ஸ் வந்த பிறகு, 2019இல் ஒதுக்கி வைத்த ரா (கேமரா பதப்படுத்தாத) ஃபைல்களைத் திரும்பத் திறந்தேன். பத்தில் மூன்று பிழைத்தது. ராவில் எடுக்காமல் ஜேபெக்கில் எடுத்த இரண்டு மாதப் படங்கள் போனது போனதுதான். ஒரு எச்சரிக்கை: அளவுக்கு மீறி ஓட்டினால் புள்ளி ஆந்தையின் நெற்றிப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, அந்தப் பறவையில் இல்லாத கோடுகள் முளைக்கும். நான் பாதிக்குக் கீழேதான் வைப்பேன்.

தொந்தரவுகள் என்றால், 2021 ஐப்பசி மழையில் பையைத் துடைக்காமல் அலமாரியில் வைத்ததால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தது. அது என் சோம்பல். சுத்தம் செய்யக் கொடுத்த ஒரு கடையில் திருகு ஒன்றைச் சரியாக முடுக்காமல் கொடுத்து, மறுபடியும் அலைய வேண்டியதாயிற்று. இப்போது மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். டி500 கேட்கும் எக்ஸ்க்யூடி மெமரி கார்டின் விலை கையைக் கடித்தது. 2020 கடைசியில் வந்த ஃபர்ம்வேரில் சிஎஃப் எக்ஸ்பிரஸ் கார்டும் போடலாம் என்றான பிறகு அந்தக் கவலை குறைந்தது.

நண்பர் ஒருவர் கண்ணாடி இல்லாத நிக்கான் இசட்8 கேமரா வைத்திருக்கிறார். ஒரு நாள் பொழுதோட அதில் கண் வைத்துப் பார்த்தேன். என் கண்ணுக்கே தெரியாத ஆந்தை வியூஃபைண்டரில் வெளிச்சமாகத் தெரிந்தது. சரி, அதற்குக்கூட நான் ஆசைப்படவில்லை. சத்தமே இல்லாமல் எடுக்கிறது, அதுதான் பொறாமை. என் டி500 'கடக்' என்றதும் ஆந்தை திரும்பும், அமைதி முறையில் வைத்தாலும் திரும்பும். ஆனால் அந்த விலைக்கு நான் இன்னும் தயாராக இல்லை. இதில் இன்னும் 80 ஆயிரம் ஷட்டர் பாக்கி இருக்கிறது.

பாறைக்குழிப் பக்கம் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் முதல் வருடம் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். "ஏனுங் தம்பி, பொழுது உழுந்துதுங்க, இன்னுமா இங்க உக்கோந்திருக்கறீங்க?" என்பார். இப்போது ஆந்தை எந்தக் கல்லில் இருக்கிறது என்று அவரே கைகாட்டுவார். போன வருடம் கொம்பன் படம் ஒன்றைப் பிரிண்ட் போட்டு, ஃபிரேம் மாட்டி அவருக்குக் கொடுத்தேன். அவர் வீட்டம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "ஊட்டுக்குள்ள சாக்குருவி படம் ஆகாதுங்க சாமி" என்று திண்ணையிலேயே வைத்துவிட்டார். பெரியவர் சிரித்துக்கொண்டே, "அவ பொறந்த ஊடே ஆந்தை கூட்டமுங்க தம்பி" என்றார். கூட்டம் என்றால் எங்கள் பக்கம் குலம். படம் இப்போது மோட்டார் ரூமில், ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே தொங்குகிறது.