தரம் 6–8 சடப்பொருள் பரிசோதனைப் பெட்டி: வாங்கலாம், உள்ளே இருக்கும் செய்முறைத் தாளை மட்டும் நம்பாதீர்கள்

கிளிநொச்சி, வவுனியாப் பக்கத்துப் புத்தகக் கடைகளில் பச்சை மூடி போட்ட பிளாஸ்ரிக் பெட்டியொன்று விற்கிறார்கள். திண்மம், திரவம், வாயு, நிலைமாற்றம் ஆகியவற்றைத் தரம் 6 தொடக்கம் 8 வரையான பிள்ளைகள் தாங்களே செய்து பார்ப்பதற்கான பெட்டி அது. 100 மில்லிலீற்றர் முகவை இரண்டு, சோதனைக்குழாய் நான்கு, மூடியோடு 20 மில்லிலீற்றர் சிரிஞ்சு, சிவப்புத் திரவ வெப்பமானி, ஸ்பிரிட் விளக்கு, முக்காலி, கம்பிவலை, மெழுகுத் துண்டு, பூச்சி உருண்டை, கொஞ்சம் கொண்டிஸ் (பொற்றாசியம் பரமங்கனேற்றுப் பளிங்கு), ஒரு செய்முறைத் தாள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. பொருள்களில் பெரும்பாலானவை பரவாயில்லை. தாள்தான் பல இடங்களில் பிள்ளையைப் பிழையான பக்கம் கூட்டிப்போகிறது.

சிரிஞ்சில் தொடங்குங்கள், பெட்டியிலேயே நல்ல சாமான் அதுதான். 20 வரை வளியை இழுத்து, மூடியைப் பூட்டி, மேசையில் நிறுத்தி அழுத்தினால் 10 வரை இறங்கும். அதற்குக் கிட்டத்தட்ட மூன்று கிலோ பாரத்தை வைக்கும் அளவு விசை போதும், தரம் 6 பிள்ளையின் கைக்கு அது முடியும். 5 வரை இறக்க ஒன்பது கிலோ அளவு வேண்டும், அங்கே கை நின்றுவிடும். வாயுவின் துணிக்கைகளுக்கிடையே வெளி இருக்கிறது என்பதையும், நெருக்க நெருக்க அமுக்கம் ஏறுகிறது என்பதையும் உள்ளங்கையே சொல்லிக்கொடுக்கிறது. கையை விட்டால் சரியாக 20-க்குத் திரும்பாமல் 18, 19-ல் நிற்கும். வளி கசிந்துவிட்டது என்று பிள்ளைகள் நினைப்பார்கள், உண்மையில் றப்பர் முனையின் உராய்வுதான் அதைப் பிடித்து வைக்கிறது. தண்ணீர் நிரப்பிச் செய்யும்போது வாயை மேலே பிடித்துத் தட்டி, குமிழ் முழுவதையும் வெளியேற்ற வேண்டும். ஒரு குமிழ் மிஞ்சினாலும் தண்டு அசையும், தண்ணீரும் அமுங்குகிறது என்று பிள்ளை கொப்பியில் எழுதிவிடும்.

தாளின் பெரிய பிழை ஐஸ் பரிசோதனையில் இருக்கிறது. "100 மில்லிலீற்றர் தண்ணீரில் இரண்டு ஐஸ் கட்டி போட்டு உருகுநிலையை அளக்கவும்" என்று அடித்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பகலில் தாங்கித் தண்ணீர் 30 பாகைக்குக் குறையாது. 100 கிராம் தண்ணீரை 30-இலிருந்து 0-க்கு இறக்க ஏறக்குறைய 12,500 யூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 334 யூல்தான் எடுக்கும். அப்படியானால் 37, 38 கிராம் ஐஸ் வேண்டும். வீட்டுக் குளிரூட்டித் தட்டின் கட்டி 15 கிராம் அளவு வரும், இரண்டும் சேர்ந்து 30 கிராம். கட்டி இரண்டும் கரைந்து முடிந்த பிறகும் வெப்பமானி 5 பாகையை ஒட்டியே நிற்கும். பிள்ளை எவ்வளவு கவனமாகச் செய்தாலும் விடை வராது. பிறகு "0" என்று பார்க்காமலே எழுதப் பழகும். ஒரு விஞ்ஞானப் பெட்டி இதைவிடப் பெரிய கெடுதலைச் செய்ய முடியாது.

செய்ய வேண்டிய முறை இது. ஐஸைத் துணியில் சுற்றி அடித்து நொறுக்கி, முகவை நிறையப் போடுங்கள், சுமார் 60 கிராம் பிடிக்கும். 20 மில்லிலீற்றர் தண்ணீர் விடுங்கள். வெப்பமானியின் குமிழை நடுவில் தொங்கவிட்டு, கரண்டிக் காம்பால் விடாமல் கிளறுங்கள். கிளறாவிட்டால் அடியில் 3, 4 பாகைத் தண்ணீர் தேங்கும். ஊசிபோல இருக்கும் சிவப்பு இழை 0-க்கு வந்து நின்றதும், முகவையை வெதுவெதுப்பான தண்ணீர்ச் சட்டிக்குள் இறக்கி வையுங்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை வாசித்து எழுதச் சொல்லுங்கள். வெளியே சட்டித் தண்ணீரில் விரல் வைத்தால் சூடு, உள்ளே ஐஸ் குறைந்துகொண்டு வருகிறது, இழை மட்டும் 0-வை விட்டு அசையாது. கடைசித் துண்டு கரைந்த பிறகுதான் அது ஏறத் தொடங்கும். கொடுத்த வெப்பம் எங்கே போனது என்ற கேள்வி அந்த நிமிடங்களில் பிள்ளையின் வாயிலிருந்து தானாக வரும். முழுப் பெட்டியின் பெறுமதியும் அந்த நிமிடங்களில்தான் இருக்கிறது, தாளோ அதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை.

ஐஸ் எடுக்கும்போது ஒரு கவனம். முல்லைத்தீவுக் கரைப் பக்கம் மீன் பெட்டியில் கிடந்த ஐஸை எடுக்காதீர்கள், உப்பு ஏறியிருந்தால் 0-க்குக் கீழே காட்டும்.

அடுத்தது மெழுகு. மெழுகுதிரியின் மெழுகு பல பொருள்களின் கலவை. அதற்கென்று ஒரே உருகுநிலை கிடையாது, 50-க்கும் 65-க்கும் இடையில் இளகி இளகித்தான் உருகும். ஆறவிட்டு வரைபு கீறினால் சமதரை தெளிவாக வராது, சரிந்த கோடுதான் வரும். பாடசாலை ஆய்வுகூடத்தில் தூய ஸ்ரியரிக் அமிலம் இருந்தால் 10 கிராமைச் சோதனைக்குழாயில் போட்டு, 80 பாகைத் தண்ணீரில் இறக்கி உருக்கி, வெளியே எடுத்து ஆறவிடுங்கள். வெப்பநிலை 69 பாகையை ஒட்டி நின்றுபோகும். மெழுகுதிரி செய்பவர்களுக்கு விற்பது கலப்பானது, 55 அளவில் உறையும். இறுகிய பிறகு வெப்பமானியை இழுக்கக் கூடாது, குமிழ் உடைந்துவிடும். குழாயை மறுபடி சுடுதண்ணீரில் இறக்கி, உருகியதும் எடுங்கள்.

ஸ்பிரிட் விளக்குக்குச் சோளகக் காற்றுத்தான் எதிரி. வைகாசி தொடங்கி அரைச்சுவர் வகுப்பறைக்குள் அடிக்கும் காற்றில் சுடர் படுத்துக்கிடக்கும், முகவைக்குச் சூடு ஏறாது. அடியில் நாலு துளை போட்டு, இரண்டு பக்கமும் திறந்த பிஸ்கட் ரின் ஒன்றைச் சுற்றி நிறுத்துங்கள். கொதிநிலைக்கு 100 மில்லிலீற்றர் வேண்டாம், 50 போதும். இல்லையென்றால் 40 நிமிடப் பாடவேளை தண்ணீரைச் சூடாக்குவதிலேயே போய்விடும். வெயில் வெளிச்சத்தில் ஸ்பிரிட் சுடர் கண்ணுக்குத் தெரியாது. எரியும்போது ஸ்பிரிட் ஊற்றக் கூடாது, ஊதி அணைக்கவும் கூடாது, மூடியால் மூடித்தான் அணைக்க வேண்டும்.

தாளில் தண்ணீர் கொதிக்கும் படத்தில் வெள்ளைப் புகை போன்றதற்கு "நீராவி" என்று அம்புக்குறி போட்டிருக்கிறது, அதுவும் பிழை. கேத்தல் வாயைப் பக்கத்திலிருந்து பாருங்கள். வாயை ஒட்டி ஒன்றிரண்டு சென்ரிமீற்றருக்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும், நீராவி அங்கேதான் இருக்கிறது. அதற்கப்பால் வெள்ளையாகத் தெரிவது ஒடுங்கிப்போன சின்னச் சின்ன நீர்த்துளிகள்.

பூச்சி உருண்டையை விளக்கில் சூடாக்கிப் பதங்கமாதலை, அதாவது திண்மம் திரவமாகாமல் நேரே வாயுவாவதைக் காட்டச் சொல்கிறது தாள். அதைச் செய்யவே வேண்டாம். உருண்டையில் உள்ள நப்தலீன் 80 பாகையில் உருகும், எனவே பிள்ளை முதலில் காண்பது திரவத்தைத்தான். ஆவி தீப்பற்றும், சுவாசிக்கவும் ஆகாது. ஜி6பீடி நொதியக் குறைபாடுள்ள பிள்ளைக்குச் செங்குருதிக் கலங்களையே உடைக்கும். அதற்குப் பதில் கண்ணாடிப் போத்தலில் நாலு கற்பூரத் துண்டைப் போட்டு இறுக மூடி, யன்னல் ஓரத்தில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். குளிர்ந்த பக்கச் சுவரில் பளபளவென்று பளிங்குகள் ஒட்டியிருக்கும். நெருப்பும் தேவையில்லை.

கொண்டிஸில் குறையில்லை. நிறம் தண்ணீரில் தானாகப் பரவுவதைப் பார்க்க ஒரு பளிங்கு போதும், தண்ணீர் அசையாமல் இருக்க வேண்டும்.

வெப்பமானி பெட்டிக்குப் பெட்டி வேறுபடுகிறது. நொறுக்கிய ஐஸில் 0, கொதிநீரில் 100 காட்ட வேண்டும். வன்னி தாழ்ந்த நிலம், 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவில் கொதிக்கும் கதையை இங்கே சாட்டாகச் சொல்ல முடியாது. குமிழ் முகவையின் அடியைத் தொடாமல் இருந்தும் 96 காட்டினால் அது வெப்பமானியின் பிழைதான். சிவப்பு இழை நடுவில் அறுந்திருந்தால், மூன்று பங்கு நொறுக்கிய ஐஸோடு ஒரு பங்கு உப்பைக் கலந்து குமிழை அதில் நிறுத்துங்கள். திரவம் முழுவதும் குமிழுக்குள் இறங்கும், மெதுவாகத் தட்டி நிமிர்த்தியபடியே எடுத்தால் ஒட்டிவிடும்.

வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் மூன்று நாலு பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி, வெப்பமானிகளை ஒன்றாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். எல்லாமே அறை வெப்பநிலையில்தான் கிடக்கின்றன, ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் இரண்டு பாகை விலகி நின்றால், அந்தப் பெட்டியை மூடி அவரிடமே கொடுத்துவிடுங்கள்.